மெதுவாக வந்த வண்டி

உட்காருங்கள் சார், பரவாயில்லை. ஊனமுற்றோர் என்று எழுதியிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இரண்டு பேர் உட்காரும் சீட்டு. ஒருவர் ஊனமாக இருந்தால் போதும். அது நான். பையை மட்டும் இந்தக் காலின் மேல் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தகடு இருக்கிறது.

இந்த வண்டியை எட்டு நிமிஷம் தாமதமாக எடுத்திருக்கிறான். இரண்டு முப்பத்தைந்துக்கு எடுக்க வேண்டியது. என் கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டு நாற்பத்துமூன்று. கண்டக்டரிடம் சொன்னேன். "சரியாத்தான் எடுத்தோம் பெரியவரே, சும்மா இரிங்க" என்கிறான். என்னிடம். முப்பத்தொரு வருஷம் செம்பாறை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நான். குற்றாலிங்கம் என்றால் இந்த ரூட்டில் பழைய டிரைவர்களுக்குத் தெரியும். டீ வாங்கித் தருவார்கள். டீயைக் குடித்துவிட்டு, பிந்தி வந்தால் பிந்தி என்றுதான் எழுதுவேன். ஒரு நிமிஷம் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

கோர்ட்டிலிருந்து வருகிறேன். விபத்துக் கேஸ். இன்றைக்கு விசாரணை. என்னை இடித்த வண்டி எது என்று சொன்னால் சிரிப்பீர்கள், முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அமரர் ஊர்தி. பிணம் கொண்டுபோகிற வண்டி சார். எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தம். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரத்தில் ஒரு சின்ன கோபுரம்.

அது இடிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இடித்ததில்கூட வருத்தமில்லை சார். அந்த வண்டி டிரைவர் அருளப்பன் இருக்கிறானே, ஒரு வருஷம் நாலு மாசமாக என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மனுஷன் காலை உடைத்தவன் ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் நான் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. ஒரு நோட்டில் எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைப்பேன். அன்றைக்கு ஒன்பது இருபது. எண்ணெய்க்கடை தர்மருடைய அம்மாவைக் கொண்டுபோகிறார்கள். மணிக்கூண்டுப் பக்கம் கூட்டம், கொட்டு, வெடி. நடுவில் அமரர் ஊர்தி நிற்கிறது. பஸ் உள்ளே வர வழியில்லை. நான் ரோட்டில் இறங்கி நின்று, ஊர்வலத்தால் தாமதம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ரோட்டின் நடுவில்தான். அங்கே நின்றால்தான் இரண்டு பக்கமும் தெரியும்.

அப்போது எங்கள் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தார். மகள் கோமதியின் வீட்டுக்காரர், செண்பகராஜ். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடை திறக்கிற அவசரம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ஊர்வலத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார். "மாமா" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அவ்வளவுதான். மரியாதை தெரிந்தவர் சார். இடிக்கும்போதுகூட மாமா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இடித்தார்.

ஆஸ்பத்திரியில் என் கட்டில் ஓரத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாமா, வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு மாமா" என்றார். கேட்க எனக்கே பாவமாக இருந்தது. பொதுக்காரியத்தில் இருப்பவர்களுக்கு இப்படித்தான். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சொந்த வேலையைக் கவனிக்க நேரம் ஏது?

வக்கீல் வந்தார். மாப்பிள்ளையோடு படித்தவர். விவரமாகச் சொன்னார். "பெரியவரே, இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா வண்டிக்காரர்தான் கைக்காச எடுத்து வைக்கணும். உங்க மாப்ள மேலதான் கேஸ் போடணும். தீர்ப்பானா அவரு வீட்ட ஜப்தி பண்ணலாம்."

"எம் மக இருக்க வீடுல்லா அது?"

"அதத்தான் சொல்லுதேன்."

"கேஸ் போடலேன்னா?"

"அப்ப காலு உங்களது, செலவும் உங்களது."

டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் இப்படியே வளைந்து நின்றுவிடும் என்று. என் பென்ஷனில் அது நடக்காது. ஒன்று என் கால், இல்லையென்றால் கோமதியின் வீடு. வக்கீல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "செம்பாறைல இன்சூரன்ஸ் நடப்புல இருக்க வண்டி எது?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை இரண்டு நாள் அலைந்தார். பால் வேனுக்கு இல்லை. மினி பஸ்ஸுக்கு இல்லை. தண்ணீர் லாரிக்கு அந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குருக்களின் ஸ்கூட்டருக்கு இருபது வருஷமாக இல்லை. மொத்த ஊருமே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது சார். ஒரே ஒரு வண்டிக்குத்தான் தேதி தவறாமல் கட்டியிருந்தது. அமரர் ஊர்தி. கட்டியது யார்? செயலாளர். எங்கள் மாப்பிள்ளைதான். சங்கத்து வேலை என்றால் அவ்வளவு சுத்தம்.

அருளப்பனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றான். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லி. சங்கத்தில் சம்பளத்துக்கு இருப்பவன்.

"அருளப்பா, ஒரு சின்ன ஒத்தாசை" என்றார் மாப்பிள்ளை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மாமாவ நீதான் இடிச்சே."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு, "எப்ப அண்ணாச்சி?" என்றான்.

"செவ்வாக்கிழமை. காலைல ஒம்பது இருவது."

"அப்ப நான் தர்மர் அண்ணாச்சி அம்மாவ ஏத்திட்டுல்லா போய்ட்டு இருந்தேன்."

"அப்பதான் இடிச்சே."

அருளப்பன் என் காலைப் பார்த்தான். கட்டைப் பார்த்தான். "ரொம்ப வலிக்கா ஐயா?" என்று கேட்டான். அவ்வளவுதான். வலிக்கிறதா என்று கேட்கத் தெரிகிறது. மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. சரி, நாலு பேர் இருக்கிறார்கள், கூச்சமாக இருக்கும், தனியாக வந்து கேட்பான் என்று நினைத்தேன்.

வக்கீலுக்கு ஒரு யோசனை. ஊர்வலத்தில் போகிற வண்டி இடித்தது என்றால் நம்ப மாட்டார்கள், சுடுகாட்டிலிருந்து காலியாகத் திரும்பி வரும்போது இடித்ததாக வைத்துக்கொள்ளலாம், பதினொன்றரை என்று போடுவோம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியை மாற்றினீர்கள், சரி. ஆளை மாற்றினீர்கள், சரி. நேரத்தை மாற்ற மாட்டேன். என் நோட்டில் ஒன்பது இருபது என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மனுஷனுக்கு ஒரு நேர்மை வேண்டாமா சார்? வக்கீல் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, "மாமா அதுல பிடிவாதம்" என்றார், பெருமையாகத்தான்.

போலீஸில் ஏட்டு எழுதினார், அமரர் ஊர்தியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து என்று. அருளப்பன் படித்துப் பார்த்துவிட்டு, "அதிவேகம்னு போட்ருக்கு சார். முன்னால கொட்டுக்காரங்க நடந்துல்லா போனாங்க" என்றான்.

"அது எல்லாத்துக்கும் போடுததுதான்வே" என்றார் ஏட்டு. "பொணம் ஏத்துத வண்டிக்குன்னு தனியாவா எழுத முடியும்? கையெழுத்தப் போடும்."

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதித்தார். ஓட்டிப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார். உள்ளே கிடந்த காய்ந்த மாலையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வண்டியில் கோளாறு இல்லை, டிரைவரின் தவறு என்று எழுதிக் கொடுத்தார். அருளப்பன் மாஜிஸ்டிரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதத்தோடு லைசென்ஸையும் மூன்று மாசம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சங்கத்தில் அந்த மூன்று மாசத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விபத்து செய்த டிரைவருக்குச் சம்பளம் கிடையாது என்பது விதியாம். மாப்பிள்ளை விதியை மீற மாட்டார்.

ஊரில் அந்த மூன்று மாசமும் ஆட்கள் சாகாமலா இருப்பார்கள்? தோளில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான்தான் வண்டியை நிறுத்தியவன் என்பதுபோல.

தர்மர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "குத்தாலிங்கண்ணாச்சி, எங்க அம்மா கடைசியாப் போன வண்டில ஆக்சிடென்ட்டுன்னு எழுதிருக்கீங்களாமே. எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றார். ஜோசியரிடம் கேட்டாராம். அம்மா பாதியில் நின்றுகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டாராம். இடிபட்டவரே வந்து தீபம் ஏற்றி மன்னித்தேன் என்று சொன்னால்தான் போவாராம். நொண்டிக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் நின்று, "உங்க மேல தப்பு இல்ல ஆச்சி" என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொட்டுக்காரன் ஒருத்தன், "நான் அன்னைக்கே பாத்தேன், வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சு" என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

பாருங்கள், செத்துப்போன அந்த அம்மாவுக்குக்கூட என் மன்னிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அருளப்பனுக்குத் தேவைப்படவில்லை.

வராமல் இருந்தானா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருவான். லைசென்ஸ் இல்லாத மூன்று மாசமும் தினமும் வந்தான். பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவருவான். என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனைவரை நடக்க வைப்பான். "இன்னைக்கு நாலு எட்டு கூட, ஐயா" என்பான். எல்லாம் செய்வான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. நானும் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். "சில பேருக்கு மனசுல இருக்கும், வெளிய சொல்ல வராது" என்பேன். "ஆமா ஐயா" என்று கிழங்கை உரிப்பான்.

கோமதியிடம் சொன்னேன்.

"அவரு எதுக்குப்பா கேக்கணும்?" என்றாள்.

"கேஸ் அவன் பேர்லதான இருக்கு?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் காலத்துல எவனுக்கு மாமா மனசாட்சி இருக்கு? ஒரு பெரிய மனுஷன இடிச்சுப் போட்டுட்டு, ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கான் பாருங்க" என்றார். முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்போது அவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்தது சார். என் வலியைத் தன் வலியாக நினைக்கிறார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. கோமதி இப்போதெல்லாம் பாத்திரங்களைக் கவனமாகக் கையாளுவதில்லை.

இன்றைக்குக் கூண்டில் முதலில் என்னை ஏற்றினார்கள். நன்றாகத்தான் சொன்னேன். ஜட்ஜ் ஒரு அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சின்ன வயசு.

"டைம் கீப்பரா இருந்தீங்களா? அப்ப நேரம் நிச்சயமாத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷம். ஒரு நிமிஷம் தப்பினதில்ல."

ஜட்ஜ் அம்மா என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

"ஊர்வலத்துல வண்டி என்ன வேகத்துல வந்துச்சு?"

"மெதுவாத்தான்."

"போலீஸ்ல அதிவேகம்னு இருக்கே."

"அந்த மெதுவுக்கு அது அதிவேகம்."

"ரெண்டு எடத்துல எலும்பு உடஞ்சிருக்கு. நடந்து போற வேகத்துல வந்த வண்டி ரெண்டு எடத்துல உடைக்குமா?"

"ஒண்ணொண்ணா உடச்சுது" என்றேன்.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். எங்கள் வக்கீல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் நான் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

என்னை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அருளப்பனைக் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். சத்தியம் செய்தான். "இவர இடிச்சது நீங்கதானா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஜட்ஜ் அம்மா, "சொல்லுங்க" என்றார்கள். அவன் கம்பெனி வக்கீலைப் பார்க்கவில்லை, ஜட்ஜைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். திடீரென்று கூண்டிலிருந்து இறங்கிவிட்டான். டவாலி போட்ட கோர்ட் சேவகர் பிடிக்கிறதற்குள் என் பெஞ்சுக்கு வந்து கீழே உட்கார்ந்து, தகடு வைத்த இந்தக் காலில், இதோ இந்த இடத்தில், கையை வைத்தான்.

"மன்னிச்சிருங்க ஐயா" என்றான். அழுகை.

ஒரு வருஷம் நாலு மாசம் காத்திருந்த வார்த்தை சார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இத்தனை நாள் இவனை எப்படியெல்லாம் நினைத்தோம் என்று இருந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாத அருளப்பா. நீ என்ன செஞ்சே, பாவம். நீ மணிக்கூண்டுகிட்டல்லா நின்னே. உன் வண்டி என் பக்கத்துலயே வரலையே" என்றேன்.

ஆறுதலுக்குச் சொன்னது சார். அழுகிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வது? அங்கே டைப் அடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அதையும் அடித்துவிட்டாள். கம்பெனி வக்கீல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடி, நாடாவை நிதானமாக முடிச்சுப் போட்டார்.

ஜட்ஜ் அம்மா என்னைத் திரும்பவும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கோபமில்லை. மெதுவாகத்தான் கேட்டார்கள். "அப்ப உங்கள இடிச்சது யாரு, பெரியவரே? சத்தியம் பண்ணிருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

பின்னால் கதவோரம் மாப்பிள்ளை நின்றிருந்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோமதி. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில், பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டு, நான் நோட்டில் எழுதி முடிக்கிறவரை பேசாமல் நிற்பாளே, அப்படி நின்றாள். சொல்லிவிடுங்கள் என்கிறாளா, சொல்லாதீர்கள் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

நான் கையைத் தூக்கி மணி பார்த்தேன். பழக்கம்.

"ஒண்ணரை ஆயிட்டும்மா" என்றேன்.

ஒன்றரைக்குக் கோர்ட் சாப்பாட்டுக்குக் கலையும். சுவர்க் கடிகாரம் நின்று எத்தனை நாளோ, அது ஆறேகாலைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் அம்மா தன் கையைக்கூடப் பார்க்கவில்லை. டைம் கீப்பர் சொல்கிறாரே. "சரி. அடுத்த மாசம் பதினேழாம் தேதி. அன்னைக்கு வந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்று எழுந்துவிட்டார்கள்.

மணி அப்போது ஒன்று இருபத்திரண்டு.

எட்டு நிமிஷம் சார். வெளியே வராண்டாவில் வந்து உட்கார்ந்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் வருவதற்குள் என் கடிகாரத்தின் திருகை இழுத்து எட்டு நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

பதினேழாம் தேதிக்கு என்ன சொல்வது? மாப்பிள்ளை வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். "கவலப்படாதீங்க மாமா. தண்ணி லாரிக்காரன்ட்ட பழைய பேப்பர் ஏதோ கிடைச்சிருக்காம். அன்னைக்குத் தேதில நடப்புல இருந்த மாதிரிதான் தெரியுது." பொறுப்பானவர். கோமதி அவரோடு வண்டியில் ஏறவில்லை, எனக்கு முன்னால் வேறு பஸ்ஸில் போய்விட்டாள். அவர் தனியாக மோட்டார் சைக்கிளில் வருகிறார். அதே வண்டிதான். இன்சூரன்ஸா? கேஸ் முடியட்டும் என்றிருக்கிறார்.

அருளப்பன் அதோ, முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், வெள்ளைச் சட்டை. நீங்கள் உட்கார்ந்திருப்பது அவன் பிடித்து வைத்த இடம்தான். நீங்கள் நின்றதும், சார் உட்காரட்டும் என்று எழுந்து போய்விட்டான்.

செம்பாறை வந்துவிட்டது. மாப்பிள்ளை ஸ்டாப்பில் நிற்பார், ஏறுங்கள் மாமா என்பார். நான் ஏறுவதில்லை. அந்த வண்டிச் சத்தம் கேட்டால் இந்தக் கால் தானாக நின்றுவிடுகிறது. வண்டி என்ன செய்யும், பாவம். நானும் அருளப்பனும் நடந்து போய்விடுவோம். அவன் கூட இருந்தால் இருபத்தைந்து நிமிஷம்.

போனில் மணி பார்க்கிறீர்களா? என்ன காட்டுகிறது? மூன்று இருபதா?

இல்லை சார். மூன்று இருபத்தெட்டு. உங்கள் போன் எட்டு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது. டவரில் ஏதோ கோளாறாக இருக்கும். சரிபண்ணிக்கொள்ளுங்கள்.